கிறீஸ் பூதம் ஓடிய திசை



2011 ஆகஸ்டில், கிறீஸ் பூதத்துக்குப் பயந்து, திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இரவு ஏழு மணிக்கே தகரப் படலைகளைச் சாத்தி விடுவார்கள். ஆண்கள் பொல்லும் டோர்ச்சுமாகச் சந்தியில் இருப்பார்கள். கிணற்றடிக்குப் போவதென்றால் பெண்கள் இரண்டு மூன்று பேராகத்தான் போவார்கள். ஒரு நாள் இரவு ஒன்பதரை மணியளவில் மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. எல்லாரும் ஓடினோம். அந்தப் பிள்ளையின் முன்கையில் நகத்தால் கீறியதுபோல மூன்று கோடுகள். கறுப்பாய் ஒருவன் வந்தான், பிடிக்கப் போனால் வழுக்கிக்கொண்டு போய்விட்டான் என்றாள். அவன் முகத்தை ஒருவரும் காணவில்லை. உயரம் எவ்வளவு என்றால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஆனால் எந்தப் பக்கம் ஓடினான் என்று கேட்டபோது மட்டும் எல்லார் கையும் ஒரே திசையில் நீண்டது. “காம்ப் பக்கமாத்தான் டீச்சர்.”

முப்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவள் நான். அன்று அந்தச் சந்தியில் நின்று, இதெல்லாம் மூடநம்பிக்கை, பிள்ளைகளைப் பயப்படுத்தாதீர்கள் என்று சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. படித்தவர்களிடம் சிலவற்றைச் சொல்லிப் பயனில்லை என்று நினைக்கிற முகங்கள் எப்படி இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவே இன்று இங்கே நிற்கிறேன்.

அதற்குக் கொஞ்சத் தூரம் போக வேண்டும், கிழக்கு ஆபிரிக்கா வரைக்கும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அது அவ்வளவு தூரமான இடமில்லை. இரண்டாம் உலகப் போரில் கென்யா, உகண்டா, தன்கனிக்கா, நியாசலாந்து நாடுகளின் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இலங்கையில் முகாமிட்டிருந்தார்கள். 1944இல் பர்மாவுக்குப் போன 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் பயிற்சி பெற்றது இந்தத் தீவில்தான். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு அவர்களை ஏற்றி வந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பல் 1944 பெப்ரவரி 12 அன்று மாலைதீவுக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் தாழ்ந்தது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டார்கள். அதற்கும் முன்னே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் நம் பாலையூற்றில் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே அயலூர்க் கதையாகவே இதைக் கேளுங்கள்.

அந்த வீரர்கள் தங்கள் ஊர்களில் இளைஞராய் இருந்த காலத்தில், அங்கே ஒரு பேச்சு பரவியிருந்தது. வெள்ளைக்காரருக்காக மனிதரின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்ற பேச்சு. அந்த வேலையைச் செய்கிறவர்கள் சம்பளத்துக்கு இருக்கும் ஆபிரிக்கர்களே. நைரோபியிலும் கம்பாலாவிலும் அவர்களுக்குப் பெயர் ‘வாசிமாமோட்டோ’, ‘பாசிமாமோட்டோ’. சுவாகிலியில் தீயை அணைக்கிறவர்கள் என்று பொருள். ஆம், தீயணைப்புப் படையினர்தான். வட ரொடீசியாவில் ‘பன்யாமா’ என்றார்கள். வேட்டை விலங்குகளைக் காக்கும் காவலர்களைக் குறிக்கவும் அந்தச் சொல் புழங்கியது. இரவில் தனியே போகிறவனை விளக்கில்லாத ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு போகும். கொண்டுபோய்க் குழியில் அடைப்பார்கள். கொல்லாமல் சோறு போட்டு வைத்திருந்து இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் எடுப்பார்கள். இரத்தம் எதற்கு என்று கேட்டால், வெள்ளைக்காரருக்கு இரத்தம் குறைவு, மாத்திரை செய்ய வேண்டும் என்பார் சிலர். பலர் காரணம் எதுவும் சொல்லமாட்டார்கள்.

1959இல் கம்பாலாவில் ஒருவனுக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவன் செய்த குற்றம், தீயணைப்பு நிலையத்துக்கு ஓர் ஆளை விற்கப் பார்த்தது. தீயணைப்புப் படையினர் ஆட்களை வாங்குவதில்லை என்று பத்திரிகை தலைப்பிட்டு மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவுடன் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த நிலையத்தின் வாசலில் போய் நின்று விலை பேசுமளவுக்கு ஒருவனுக்கு அந்தக் கதை உண்மையாக இருந்திருக்கிறது.

லூயிஸ் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் கம்பாலாவிலும் மேற்குக் கென்யாவிலும் முதியவர்களுடன் இருந்து இந்தக் கதைகளைக் கேட்டு எழுதினார். அவருடைய நூல் 2000ஆம் ஆண்டு வந்தது. வாசித்தபோது என்னைத் தூக்கிப் போட்டது ஒரு சிறிய விஷயம். இது ஆபிரிக்கரின் பழைய பேய்க்கதை இல்லை என்கிறார் அவர். இரத்தம் குடிக்கும் பேய்க்கு அந்த மொழிகளில் பழஞ்சொல் தேடினால் கிடைப்பதில்லை. கதைகள் பரவியது முதலாம் உலகப் போருக்குப் பிறகு. அதில் வருகிற பொருட்களைப் பாருங்கள்: மோட்டார் வண்டி, சீருடை, வாளி, ஊசி, இரப்பர்க் குழாய். எல்லாம் கொலனி ஆட்சி கொண்டுவந்தவை. உறக்க நோய் ஆராய்ச்சிக்கென்று ஊரூராக இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், எதற்கென்று சொல்லாமல். செப்புச் சுரங்கத்துக்கு ஆள் கொண்டுபோனார்கள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. இந்த நிலையில் இருக்கும் ஒருவர், உழைப்பைச் சுரண்டுகிறார்கள் என்று நம் மேடைகளில் பேசுவதுபோலப் பேசமாட்டார். இரத்தத்தை எடுக்கிறார்கள் என்பார்.

இதை வெறும் உவமை என்று வைட் சுருக்கிவிடுவதில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு மதிப்பு. கதை சொன்னவர்கள் உவமையாகச் சொல்லவில்லை, நடந்ததாகவே சொன்னார்கள். வைட் பொய் மெய் என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், எந்த வண்டி, என்ன நிறம், கதவு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போகிறார். ஒரு கதை பத்து ஊரில் ஒட்டிக்கொள்கிறதென்றால் அதில் வரும் சில்லறை விவரங்கள் கேட்கிறவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவையாக இருக்க வேண்டும். அங்கேதான் வரலாற்றாசிரியருக்கு வேலை இருக்கிறது.

இதே கதைக்குச் சுவாகிலிக் கரையில் இன்னொரு பெயர் உண்டு, ‘முமியானி’. இந்தச் சொல் கடல்வழியாகப் போனது. பாரசீகத்தில் மூமியா என்பது காயத்துக்குப் பூசும் ஒரு கரிய பிசின் மருந்து. வட இந்தியாவில் அது ‘மோமியாய்’ ஆயிற்று. துரைமார் சிறுவர்களைப் பிடித்துத் தலைகீழாக நெருப்பின்மேல் தொங்கவிட்டு அந்த மருந்தை வடிக்கிறார்கள் என்ற பேச்சு அங்கே இருந்தது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் வந்து, ஆட்களை வலிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தொடங்கியதும் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. அந்த அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் திரண்டுபோய் ஆர்தர் ரோட் ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். பருவக்காற்றுக்குப் பாய் விரித்த தோணிகள் துணியையும் பேரீச்சையையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. குஜராத்துக்கும் லாமுவுக்கும் சன்சிபாருக்கும் இடையே இந்தப் பயமும் போய்வந்தது. பம்பாயில் அது ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது, நைரோபியில் தீயணைப்பு நிலைய வாசலில். ஊருக்குள் இருந்தும் ஊரார் உள்ளே போய்ப் பார்க்க முடியாத கட்டடம் எதுவோ அதைத்தான் கதை தேடிப் போகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கிறீஸ் பூதம் 2011இல் பிறந்ததில்லை. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு, பிடித்தாலும் வழுக்கித் தப்பும் கள்ளனைப் பற்றி என் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். சிங்கள ஊர்களில் ‘கிறீஸ் யக்கா’ என்பார்கள். என் அப்பா டொக்யார்ட்டில் வேலை செய்தவர். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தார். பாரந்தூக்கி, கம்பிவடம், பம்பு, வின்ச் எல்லாவற்றுக்கும் கிறீஸ் வேண்டும். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அவருடைய நகக்கண்ணில் அந்தக் கறுப்பு இருக்கும். அம்மா அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு வேலை கடுமையா இலேசா என்று அறிவாள். இந்தத் துறைமுகத்தில் கிறீஸ் என்பது உழைக்கிறவனின் அடையாளம். அதே கிறீஸ், முகம் தெரியாத ஒருவனின் உடம்பில் பூதமாக எப்படி மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். வேலை போய்விட்டது. வேலை செய்த இடத்தைச் சுற்றி முட்கம்பி வந்துவிட்டது. உள்ளே இருப்பவர்கள் யார் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அந்த ஆகஸ்டில் கதை மலையகத்திலும் ஊவாவிலும் கிளம்பிக் கிழக்குக்கு வந்தது. கிறீஸோடு புதிய சாமான்களும் சேர்ந்தன: இரும்பு நகம் வைத்த கையுறை, கூரை தாண்டப் பாயும் ஸ்பிரிங் சப்பாத்து. ஸ்பிரிங் சப்பாத்தைக் கேட்டு அதிசயப்பட வேண்டாம். 1830களின் இறுதியில் லண்டனில் பெண்களைப் பயமுறுத்திய ஒருவனுக்கும், 2001 மே மாதம் டில்லியில் மொட்டைமாடிகளில் உறங்கியவர்களைக் கீறியதாகச் சொன்ன குரங்கு மனிதனுக்கும் இதே ஸ்பிரிங் இருந்தது. எங்கள் கதையில் மட்டும் இரத்தம் வந்தது. ஏதோ ஒரு புதையலை எடுக்க வேண்டும், அதற்குப் பெண்களின் இரத்தம் பலியாக வேண்டும், அது மேலிடத்தின் தேவை என்றார்கள். கம்பாலாவின் முதியவர்கள் இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

பழைய பேய்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு இரத்தக் காட்டேரி உண்டு. சிங்களவருக்கு ரீரி யக்கா உண்டு. காட்டேரிக்கு ஓர் இடம் இருக்கிறது, நாள் இருக்கிறது, மடை இருக்கிறது. என்ன கொடுத்தால் போகும் என்று அறிந்த பூசாரி இருக்கிறார். அதாவது, பேசித் தீர்க்கலாம். 2011இல் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் மந்திரிக்கப் போகவில்லை, நூல் கட்டவில்லை, வேப்பிலை செருகவில்லை. கிராம சேவகரிடம் போனார்கள். பொலிசுக்குப் போனார்கள். ‘பூதம்’ என்று வாயால் சொன்னாலும் அவன் ஓர் ஆள், ஒரு வேலையாக வந்திருக்கிறான், அவனுக்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருக்கிறது என்றே நடந்துகொண்டார்கள். இதை நான் மூடநம்பிக்கை என்றேன் பாருங்கள், அதுதான் என் பிழை.

அப்போது நோன்பு மாதம். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆண்கள் தறாவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் வீடுகளில் பெண்களும் குழந்தைகளும்தான். தமிழ் ஊர்களிலோ ஆண்டு முழுவதும் அப்படி. போரில் கணவரை இழந்தவர்கள், கணவரும் பிள்ளையும் எங்கே என்று தெரியாதவர்கள், மாப்பிள்ளை மத்திய கிழக்கில் இருப்பவர்கள். கக்கூசும் கிணறும் வளவின் கோடியில், மின்விளக்கு இல்லை. பூதம் வந்ததோ இல்லையோ, அது வருவதற்கு இவ்வளவும் ஆயத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் கிண்ணியாவில் சனம் சந்தேகப்பட்ட ஆட்களைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஓடியவர்கள் கடற்படை முகாமுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. சனம் முகாமைச் சூழ்ந்தது. மோதல் வெடித்தது, கைதுகள் நடந்தன. பொத்துவிலிலும் இதே கதை. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையில் இரவோடிரவாக நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது பின்னர் அடிப்படை உரிமை வழக்குகளாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கிறீஸ் பூதம் என்று ஒன்று இல்லை, எல்லாம் வதந்தி என்றது அரசு. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச, முகாம்களைத் தாக்குகிறவர்கள் பயங்கரவாதிகளாகவே கருதப்படுவார்கள் என்று எச்சரித்தார். அதே ஆகஸ்ட் 25 அன்று அவசரகாலச் சட்டம் நீக்கப்படும் என்று ஜனாதிபதி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சட்டத்தை வைத்திருக்க ஒரு பயம் தேவைப்பட்டது, அதற்குத்தான் பூதத்தை விட்டார்கள் என்று சந்தியில் அரசியல் பேசியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த அறிவிப்பு வந்தது. சட்டம் போனது, பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது.

ஏன் எல்லாக் கையும் காம்ப் பக்கம் நீண்டது? இந்தக் கேள்வியை நமது வயதுக்காரர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எண்பதுகளின் சுற்றிவளைப்புகளில் நம்மை வரிசையாக நிறுத்துவார்கள், ஜீப்பினுள்ளே முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வராது. தலையாட்டி என்றோம். தெற்கில் அவனுக்குக் கோணிபில்லா என்று பெயர். சாக்குமூட்டையோடு வந்து குழந்தையைப் பிடிப்பான் என்று தாய்மார் சோறு ஊட்டும்போது சொல்லும் பழைய பூச்சாண்டியின் பெயர் அது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் நேரிலேயே வந்தான். பிறகு வந்தது வெள்ளை வான். இலக்கத் தகடு இல்லாத வண்டி, இரவு, திரும்பி வராத ஆட்கள். ஆபிரிக்காவில் கதையாகச் சொன்ன வண்டியை நாம் கண்ணால் கண்டவர்கள்.

2015 நவம்பரில் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு இலங்கைக்கு வந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த ஓர் இரகசியத் தடுப்பிடத்தை நேரில் பார்த்ததாக அவர்கள் அறிவித்தார்கள். சுவர்களில் எழுத்துகள் இருந்தன. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அதிசயப்படவில்லை. இதைக் கொண்டு கிறீஸ் பூசியவர்கள் முகாமிலிருந்துதான் வந்தார்கள் என்று நான் முடிவு கட்டவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. முட்கம்பிக்கு அப்பால் நமக்குச் சொல்லாத ஏதோ நடக்கிறது என்பதில் சனம் பிழைவிடவில்லை என்றுதான் சொல்கிறேன். அந்த அறிவு அவர்களிடம் பல ஆண்டுகளாக இருந்தது. சொல்ல இடமில்லை. பூதத்தின் பெயரில்தான் அதை உரத்துச் சொல்ல முடிந்தது.

இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மை சொன்னவளாவேன். அந்த ஆகஸ்டில் ஊவா மலைப்பகுதியில் இரண்டு பேரை ஊரார் வெட்டிக் கொன்றார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரை அடித்தே கொன்றார்கள். அவர்கள் பூதமும் இல்லை, பூதத்தை அனுப்பியவர்களும் இல்லை. மலாவியில், அன்றைய நியாசலாந்தில், இரத்தம் உறிஞ்சிகளை ‘அனமபோபா’ என்பார்கள். 2017இல் அந்நாட்டின் தெற்கே முலஞ்சே, பலோம்பே மாவட்டங்களில் அந்தப் பேச்சு பரவி, ஊரார் கூட்டமாகச் சேர்ந்து பலரைக் கொன்றார்கள். ஐ.நா. தன் ஊழியர்களை அங்கிருந்து அகற்றியது. 2018 மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சொக்லட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்தின் வயதான அம்மா ஒருவர் இறந்துபோனார். ஆட்சியாளர்கள் மேல் உள்ள கோபம் ஆட்சியாளர்களிடம் போய்ச் சேருவதில்லை. வழியில் அகப்பட்ட பிச்சைக்காரன், சித்தம் கலங்கியவன், அயலூரான் தலையில் விழுகிறது. எங்கள் சந்தியில் பொல்லோடு இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் என் மாணவர்கள். அந்த வழியாக ஓர் அந்நியன் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்க இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? அன்று நான் சொன்னதுபோலப் பொய் என்று தள்ளினால் சனம் வாயை மூடிக்கொள்ளும், பொல்லைக் கீழே வைக்காது. ஆம் என்று நம்பிக்கொண்டு கூட ஓடவும் முடியாது. வைட் செய்ததுபோல உட்கார்ந்து விவரம் கேட்கலாம். நான் காலம் தாழ்த்தித்தான் கேட்கத் தொடங்கினேன்.

கிண்ணியாவில் ஒரு ராத்தா இருக்கிறார். 2009இல் பாலம் திறக்கும்வரை, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறித்தான் அவரிடம் போய்வந்தேன். அந்த நோன்பு இரவைப் பற்றிப் பத்தாண்டு கழித்துக் கேட்டேன். முதலில் மற்றவர்கள் சொன்னதையே சொன்னார்: கறுப்பு உடம்பு, இரும்பு நகம். கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் போனபின் பேச்சு மாறியது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வேலிக்கு வெளியே யாரோ வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்றார். குளிக்கும்போது பற்றைக்குள்ளிருந்து சிகரெட் வாசம் வரும் என்றார். யாரிடம் சொல்வது? வாப்பாவிடம் சொன்னால் வெளியே போகாதே என்பார். பொலிசில் சொன்னால் பெயர் கெடும். “பூதம் வந்தெண்டு சொன்னாப் பிறகுதான் டீச்சர் எல்லாரும் வந்து வேலியைக் கட்டித் தந்தாங்க.” விடிந்ததும் மணலில் காலடி பார்த்துக்கொண்டு போனார்களாம். கடற்கரை வரைக்கும் இருந்தது. அதற்கப்பால் கம்பி.

இந்தப் பேச்சை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் இரண்டு மொழிகளில் ஒரே மாதத்தில் பட்ட பயம் இது. 2006 சண்டைக்குப் பிறகு மூதூரில் ஒருவரையொருவர் முகம் பார்க்கத் தயங்கிய தமிழ், முஸ்லிம் ஆண்கள் அந்தச் சில இரவுகளில் ஒரே சந்தியில் ஒரே கேத்தில் தேநீரோடு விழித்திருந்ததையும் நான் கேட்டு அறிந்தேன்.

இந்த மண்டபத்தில் இருக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் அம்மாவிடம், சாச்சியிடம், பக்கத்து வீட்டு நோனாவிடம் 2011 ஆகஸ்ட் பற்றிக் கேளுங்கள். பேய் உண்டா இல்லையா என்று கேட்க வேண்டாம். அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், ஆண்கள் எங்கே, விளக்கு எரிந்ததா, கிணறு வீட்டிலிருந்து எத்தனை அடி, முதலில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், ஓடியவன் எந்தப் பக்கம் ஓடினான் என்று கேளுங்கள். சொல்கிறவர் பெயரை எழுத வேண்டாம், ஊரையும் திகதியையும் எழுதுங்கள். அவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தி எழுத வேண்டாம். வாசலில் நீல மட்டைக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் ஒழுங்கையின் கதை இருக்கிறது, நான் அன்று சந்தியில் நின்று சொன்ன அந்தச் சொல்லும் சேர்த்து. இரண்டாம் பக்கம் கிண்ணியா. மூன்றாம் பக்கத்திலிருந்து வெறுமையாக இருக்கிறது.